குக்கர்களுக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டு லிப்ஸ்டிக்

தி.நகரில் நான் வழக்கமாகப் பாத்திரம் வாங்கும் பெரிய கடையில், குக்கர் பிரிவை ஒட்டி ஒரு வெளிநாட்டு அழகுசாதன கவுன்ட்டர் வந்திருந்தது. அங்கே கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் நிற்பாள். உதட்டில் அடர்சிவப்பு, வகிட்டில் குங்குமம். யார் வந்தாலும் காதோரம் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் ஆங்கிலத்தில் பேசுவாள். பயந்துபோய் எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள்.

அன்று கவுன்ட்டரை மூடிவிடலாமா என்று பார்க்க மும்பையிலிருந்து மேலாளர் வந்திருந்தார். அப்போது புதுக் குக்கரும் கையுமாக ஒரு அம்மாள் அங்கிருந்த ஸ்டூலில் அப்பாடா என்று உட்கார்ந்தார். அந்தப் பெண் குனிந்து கிசுகிசுத்தாள்.

"இன்னாம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார் அம்மாள்.

அவள் மேலாளரைப் பார்த்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது.

"இல்லக்கா, இப்படித்தான் பேசணும்னு ட்ரெய்னிங் குட்த்துகீறாங்க. நீ உதட்டக் காட்டு," என்றாள் முழுக்குரலில்.

பூசியதும் அம்மாள் கண்ணாடியைப் பார்த்தார். "ஐயே, கல்யாணப் பொண்ணாட்டம் கீறேனே!"

"பின்ன? உன் வூட்டுக்காரரு கதவத் தொறந்து, யாரு வேணும்னு கேக்கப்போறாரு பாரு!"

குக்கர் பிரிவே சிரித்தது. அம்மாள் குக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லிப்ஸ்டிக்கை வாங்கினார். பின்னாலேயே நான்கைந்து பெண்கள் ஸ்டூலுக்குப் போட்டி போட்டார்கள்.

"என்ன சொல்லி விற்றாய்?" என்று மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் பயபக்தியோடு தலையாட்டினார். கவுன்ட்டர் தப்பியது.

அப்படி என்னதான் சொன்னாள் என்று கேட்கவே அடுத்த வாரம் போனேன். கேட்க வாயைத் திறந்ததும் என் உதட்டில் லிப்ஸ்டிக்கைப் பூசிவிட்டாள்.