கட்டிலுக்கடியில் ஒரு சர்வர்

என் அக்காவின் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவர். இருபத்தாறு வருடமாக அதே ஸ்டூல், அதே மெஷின். வெட்டிய லென்ஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். மயிரிழை போல ஒரு கீறல் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுவார், முதலாளி முறைத்தாலும் சரி. அப்படிப்பட்ட மனிதர் செய்த ஒரு தவறைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது. அவர்மேலா, என்மேலா, அந்த ஏற்பாட்டின் மேலா என்று இன்னும் பிடிபடவில்லை.

அக்கா பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடமாகிறது. வலது பக்கம் அசையாது, பேச்சும் நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டது. முதல் வருடம் மாமா தட்டுத் தடுமாறினார். தூக்கத் தெரியாமல் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கு முதுகில் படுக்கைப் புண் வந்தது. கூடப் பிறந்த நாங்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, உச்சுக் கொட்டிவிட்டுப் போனோம்.

அந்தச் சமயத்தில்தான், படுத்துவிட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களின் குழு ஒன்றில் மாமா சேர்ந்தார். ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில் இருந்த குழு அது. அங்கே ஒரு டீச்சர் இருந்தார். ஓய்வு பெற்றவர், நினைவு தப்பிய கணவரைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர். விரிப்பை இரண்டாக மடித்து அடியில் செருகி, பாரம் தெரியாமல் ஆளைப் புரட்டும் முறையை அவர்தான் மாமாவுக்குப் படிப்படியாக எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் அக்காவின் புண் ஆறியது. அந்த அம்மாவின் முகத்தை மாமா பார்த்ததே இல்லை.

ஒருநாள், புண்ணின் படம் போட்டது விதிக்கு விரோதம் என்று கம்பெனி அந்தக் குழுவையே மூடிவிட்டது. முறையிட்டால் ஆள் இல்லை, கம்ப்யூட்டரே தானாகப் பதில் போட்டது. மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“இனிமே எவன் தயவும் வேண்டாம்டா. நமக்கு நாமே வெச்சுக்குவோம்.”

கடையில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று அக்காவின் கட்டிலுக்கடியில் சர்வர் ஆனது, குழுவின் பேச்செல்லாம் இனி அதற்குள்தான். இந்த மாதிரித் தளத்தில் முதலாளி என்று யாரும் இல்லை. ஆளாளுக்கு ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் இருப்பவர் மற்றதில் இருப்பவரோடு பேசலாம். வேண்டாத சர்வரை அடைத்துவிடலாம், அதன்பின் இரண்டு பக்கப் பேச்சும் ஒன்றையொன்று போய்ச் சேராது. மாமாவிடம் முன்னூறு பேர் சேர்ந்தார்கள். டீச்சர் மட்டும் ஒரு மருந்துக்கடைக்காரர் நடத்திய வேறொரு சர்வரில் போய் உட்கார்ந்துகொண்டார். செடி வளர்ப்பவர்கள் நிறைந்த இடம் அது. நம் குழுவில் டீச்சரோடு சேர்த்து ஒன்பது பேர்தான் அங்கே, அவர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டது மாமாவின் சர்வர் வழியாகத்தான். மாமா கூப்பிட்டதற்கு, “எங்க இருந்தா என்ன, பேச்சு வந்து சேர்ந்தா சரி” என்று எழுதினாராம்.

முகப்பில் மாமா மூன்று விதிகள் போட்டிருந்தார். பேர் கேட்கக்கூடாது. ஊர் கேட்கக்கூடாது. போகிறவரை ஏன் என்று கேட்கக்கூடாது.

“என்ன மாமா, சாமியார் மடமா நடத்துறீங்க?” என்று கிண்டலடித்தேன்.

“கேள்வி கேட்டே உசுரெடுக்கிற சொந்தக்காரங்களுக்குப் பயந்துதான் பாதிப் பேர் இங்க வர்றாங்க” என்றார், என்னையே பார்த்துக்கொண்டு.

விடிந்ததும் எல்லோரும் “இருக்கேன்” என்று ஒரு வார்த்தை எழுதுவார்கள். எழுதாதவரை மற்றவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நாள் முழுக்கப் பேச ஆளில்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போன வருடம் எங்கிருந்தோ ஆபாசப் படங்கள் வந்து கொட்டத் தொடங்கின. பெரிய சர்வர் நடத்தும் ஒருவர், அடைக்க வேண்டிய சர்வர்களின் பட்டியல் ஒன்றைப் பகிர்ந்தார். அறுநூற்றுச் சொச்சம் சர்வர்கள். அன்றைக்கு அக்காவுக்குக் காய்ச்சல். மாமா ஒரு கையில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டே மறு கையால் “எல்லாவற்றையும் அடை” என்பதை அழுத்திவிட்டார். மருந்துக்கடைக்காரரின் சர்வரும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஏதோ ஒரு புகாருக்கு அவர் இரண்டு நாள் பதில் சொல்லவில்லையாம், அவ்வளவுதான் குற்றம்.

மறுநாள் காலை ஒன்பது பேரைக் காணோம். யாரும் பதறவில்லை. வீட்டில் நடத்துகிற சர்வர் அடிக்கடி நின்றுபோகும், மருந்துக்கடைக்காரருடையது மாதம் ஒரு முறை நிற்கும். “படுத்துக்கிச்சு போல. ரெண்டு நாள்ல எந்திரிச்சிரும்” என்று மாமாவே எழுதினார். இப்படியே பதினோரு நாள் போனது.

பன்னிரண்டாம் நாள், இரண்டு இடத்திலும் கணக்கு வைத்திருந்த நர்ஸ் ஒருவர் எழுதினார்: “அண்ணே, அவங்க சர்வர் நல்லாத்தான் ஓடுது. நீங்கதான் அடைச்சு வெச்சிருக்கீங்க.”

மாமா பாதி வெட்டிய லென்ஸை மெஷினிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார். நான் அன்று அக்காவைப் பார்க்க வந்திருந்தேன். மருந்துக்கடைக்காரரின் சர்வருக்கே நேராகப் போய் டீச்சரின் பக்கத்தைத் திறந்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன்.

“இருக்கேன்.”

“இருக்கேன். எல்லாரும் எங்க போயிட்டீங்க?”

“இவர் கட்டில்லேர்ந்து விழுந்துட்டார். தரையில இருக்கிறவரை ஒத்தையாத் தூக்குறது எப்படி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

“இன்னிக்கு இவரைக் கிள்ளிட்டேன். கோபத்துல. யாராவது என்னைத் திட்டுங்க.”

“புரியுது. கேட்டுக் கேட்டு உங்களுக்கும் சலிச்சிருக்கும்.”

கடைசியாக எழுதியதில், இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று இருந்தது.

மாமா அடைப்பை எடுத்தார். எடுத்தாலும் அறுந்த தொடர்பு தானாக ஒட்டாது. ஒவ்வொருவரையும் மறுபடி போய்ச் சேர்க்க வேண்டும். ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர், “கம்பெனிக்காரன் மூடினப்போ காரணமாவது சொன்னான்” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். டீச்சரின் ஒவ்வொரு வரிக்கும் கீழே மாமா பதில் எழுதினார், மன்னிப்புக் கேட்டார். பதில் இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் டீச்சரின் ஈமெயில் கேட்டார். “தரக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே சார். நானே எழுதிப் பார்க்குறேன்” என்றார் அவர். அவர் எழுதியதற்கும் பதில் வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டீச்சரின் கணக்கிலிருந்து மாமாவுக்கு ஒரு செய்தி வந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திறந்தார்.

“அம்மாவோட போன் இப்போ என்கிட்ட இருக்கு. நான் அவங்க பொண்ணு. இந்தக் கணக்கை எப்படி மூடுறது?”

“கேளுங்க மாமா, என்ன ஆச்சுன்னு கேளுங்க!” என்று கத்தினேன்.

“போறவங்களை ஏன்னு கேக்கக்கூடாதுடா.”

“மண்ணாங்கட்டி விதி! கேளுங்க!”

“அம்மா நல்லா இருக்காங்களா?” என்று எழுதினார். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

“நீங்க யாரு?”

மாமா ஏதோ எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். “யாருன்னுடா போட?” என்று என்னைக் கேட்டார். கடைசியில், கணக்கை மூட எங்கே போக வேண்டும், எதை அழுத்த வேண்டும், எந்த இடத்தில் கடவுச்சொல் கேட்கும் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினார்.

“தேங்க்ஸ்” என்று வந்தது. கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம் மறைந்தது. பதினோரு நாள் எழுத்தும் அதோடு போனது.

மாமா அந்தப் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பார்த்தார், காலித் திரைதான் வந்தது. பிறகு, “இருக்காங்களா இல்லையான்னு மட்டுமாவது இன்னொரு தடவை கேட்டிருக்கலாமோ?” என்றார்.

கேட்பதற்கு இனி அங்கே யாரும் இல்லை.