டூயி கிம்ப்ரோவின் பெஞ்சுக் காவல்

டூயி கிம்ப்ரோ எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. என் பெரியப்பா மகன் ஹாலிஸ் ஸ்ட்ரவுட்டின் இரண்டாவது பெண் மேக்சினைக் கட்டியவன். மூத்தவள் ஐரீனைக் கட்டியவன் மரமில்லில் மேஸ்திரியாக இருந்த ராய்ஸ். கடைசிப் பெண் கல்யாணமே வேண்டாம் என்று ஜாக்சனில் நர்ஸாக இருந்துவிட்டாள். ஆகவே டூயிக்குப் பிறகு வெகு காலம் அந்த வீட்டுக்குள் புதிதாக மாப்பிள்ளை ஒருவனும் வரவில்லை. அவன் தலையெழுத்தில் பாதி இதில்தான் இருந்தது.

மிசிசிப்பியில் எங்கள் பக்கம் கோழிக்கொட்டகை இல்லாத சாலை கிடையாது. குளிர்காலத்தில் குஞ்சுகளுக்குச் சூடு போட காஸ் வேண்டும். அந்த காஸ் லாரியை ஓட்டியவன் டூயி. குழாயை இறுக்காமல் விட்டான், வால்வை மூடாமல் விட்டான் என்று ஒரு பண்ணைக்காரனும் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் சனிக்கிழமை ஸ்டேடியத்துக்கு வந்தால் அந்த ஜாக்கிரதையை லாரியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவான். அவன் மட்டுமா, நாங்கள் எல்லோருமே அப்படித்தான்.

எங்கள் காலேஜ் ஆடுகிற ஃபுட்பாலுக்கு ஹாலிஸின் அப்பா காலத்திலிருந்தே ஸ்ட்ரவுட் குடும்பத்துக்கு ஸ்டேடியத்தின் கிழக்கு மேல்தட்டில் ஒரு வரிசை. நாற்காலி கிடையாது. நீளமான அலுமினிய பெஞ்சு, அதில் நம்பர் அடித்திருக்கும். நம்பருக்கு ஓர் ஆள் என்பது காலேஜ்காரன் கணக்கு. எங்கள் ஊரில் ஒரு நம்பருக்குள் அடங்குகிற உடம்பு யாருக்கும் இல்லை. மின்னல் வந்து எல்லோரையும் கீழே இறங்கச் சொல்லிவிட்டால், திரும்பும்போது முந்தி வந்தவன் பரப்பி உட்கார்ந்துவிடுவான், பிந்தி வந்தவன் படிக்கட்டில் நிற்க வேண்டியதுதான். இதற்காகப் பல் உடைந்த கதைகூட உண்டு. அதனால் மேல்தட்டுக் குடும்பங்களில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எல்லோரும் இறங்குவார்கள், ஒருவன் மட்டும் உட்காருகிற சின்ன மெத்தைகளையும் போர்வைகளையும் பெஞ்சில் பரப்பிவிட்டு மழையில் உட்கார்ந்திருப்பான். பெஞ்சுக் காவல் என்போம். வீட்டுக்குக் கடைசியாக வந்த மாப்பிள்ளைதான் காவல்.

இதில் ஒரு விளையாட்டும் சேர்ந்திருந்தது. கீழே போனவர்களில் ஒருவன் மேலே வந்து ஏதாவது பொய் சொல்லிக் காவல்காரனை எழுப்பப் பார்ப்பான். எழுந்துவிட்டால் போச்சு. டூயி கல்யாணமான வருஷமே ராய்ஸ் மேலே போய், மேக்சின் படியில் விழுந்து கால் முறிந்துவிட்டது என்றான். டூயி இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிவந்தான். மேக்சின் தூணில் சாய்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். அதன் பிறகு சர்ச்சில் புது ஆளைப் பார்த்தால்கூட ஹாலிஸ் அவனை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: “இவரு நம்ம வீட்டு மாப்பிள்ளை. பெஞ்சை விட்டுட்டு ஓடிவந்தவரு.” வருஷக்கணக்காக அந்தப் பேர் அவனை விடவில்லை. அப்புறம் ஒருநாளும் அவன் எழுந்ததில்லை. ஆலங்கட்டி விழுந்து நெற்றி பிளந்த சனிக்கிழமைகூட ஐஸ்பெட்டி மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு ஒரே பெண், டார்லா. ஓஹையோவிலிருந்து ஏ.சி. பழுது பார்க்க எங்கள் ஊருக்கு வந்த ட்ரெவர் நீமனை அவள் கட்டிக்கொண்டாள். வடக்கத்திப் பையன், வாய் கொஞ்சம் அதிகம், மனசு வெள்ளை. கல்யாணமான அடுத்த சீசனில் டார்லா வயிற்றுப் பிள்ளைக்காரி. மேல்தட்டில் காவலுக்கு ஒருவழியாகப் புது ஆள் வந்துவிட்டான்.

அன்றைக்குக் காலையிலேயே வானம் மந்தமாக இருந்தது. வண்டி நிறுத்துகிற புல்வெளியில் டிரக்கின் பின்கதவை இறக்கிப் போட்டு அவித்த கடலையும் பொரித்த கோழியுமாகச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. டூயி மருமகனைத் தனியே தள்ளிக்கொண்டு போனான். தனக்கு ஒட்டிய பேர் இந்தப் பையனுக்கும் ஒட்டிவிடக் கூடாது என்பது அவன் கவலை.

“மாப்ள, இன்னைக்கு மழை வரும். வந்தா நீதான் காவல்.”

“சம்பளம் உண்டா மாமா?”

“பேர் கெடாம இருக்கும் பாரு, அதான் சம்பளம். மேல வந்து எவனாவது ஏதாவது சொல்லுவான். வண்டி தீப்பிடிச்சிருச்சும்பான், டார்லா மயங்கிட்டாம்பான். எழுந்திருக்காத. நானே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்காத.”

“நீங்களேவா?”

“ஆமா. எங்க மாமனாரு என்னைத்தான் அனுப்புவாரு.”

ட்ரெவர் பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தானாம்.

பாதி ஆட்டம் முடியுமுன்பே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மின்னல் நெருங்குகிறது, எல்லோரும் கீழே இறங்குங்கள் என்றார்கள். கடைசி மின்னலுக்குப் பிறகு அரை மணி நேரம் அடங்கியிருந்தால்தான் ஆட்டம் தொடரும், நடுவில் ஒன்று மின்னினாலும் அரை மணி முதலிலிருந்து ஆரம்பம். ஜனங்கள் அறிவித்தவனைப் பார்த்து ஊளையிட்டார்கள். யாரோ பாட்டிலைத் தூக்கி எறிந்தான். மஞ்சள் கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர் வரிசை வரிசையாக வந்து காவல்காரர்களை இறங்கச் சொன்னார். அவர்கள் தலையை ஆட்டினார்கள், உட்கார்ந்தே இருந்தார்கள். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

தட்டுக்குக் கீழே கோழிக்கூண்டு மாதிரி நெரிசல். நனைந்த துணி வாடை, பீர் வாடை. மின்னும்போதெல்லாம், அரை மணி திரும்ப ஆரம்பிக்கிறதே என்று கூட்டம் வானத்தையே திட்டியது. டூயிக்கு இதெல்லாம் புதிது. கல்யாணமான நாளிலிருந்து இந்த நேரத்தில் அவன் மேலேதான் இருந்திருக்கிறான். ஹாலிஸ் தன் விஸ்கிப் புட்டியை அவனிடம் நீட்டி, தோளில் கை போட்டார்.

“இன்னைக்குத்தான்டா நீ நம்ம வீட்டு ஆளு.”

டூயியின் முகத்தை நான் பார்த்தேன். பிள்ளை பிறந்த அன்றுகூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

ராய்ஸ் மேலே போய்விட்டுச் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான். டார்லாவுக்கு வலி கண்டுவிட்டது என்று சொல்லிப் பார்த்தானாம், பையன் அசையவில்லையாம். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாய் என்று டூயியின் முதுகில் தட்டினான். எல்லோரும் சிரித்தோம், டூயியும் சிரித்தான்.

அடுத்த இடி தலைமேல் விழுந்த மாதிரி இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பைன் மரம் ஒன்று உச்சி முதல் அடி வரை பிளந்துவிட்டது என்று வாசல் பக்கம் நின்றவர்கள் கத்தினார்கள். குழந்தைகள் அழுதன. பெண்கள் கழிப்பறை வரிசையிலிருந்து டார்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“அப்பா, அவரு எங்க?”

“காவல்ல இருக்கான்மா.”

“போய்க் கூட்டிட்டு வாங்க.”

“இருக்கட்டும் விடு,” என்றார் ஹாலிஸ். “மழையில கரைஞ்சு போக அவன் என்ன உப்பா?”

டூயி மாமனாரைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். புட்டி அவன் கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம்தான் அப்படி நின்றான், ஆனாலும் நின்றான். அப்புறம் புட்டியை ராய்ஸிடம் கொடுத்துவிட்டு மேலே போனான்.

மேலே நடந்ததைப் பிற்பாடு அவனே எனக்குச் சொன்னான். பெஞ்சுகள் எல்லாம் தண்ணீர் ஓடி வெள்ளையாக மின்னின. அங்கொருவன் இங்கொருவனாகக் காவல்காரர்கள் கூனிக்கொண்டிருந்தார்கள். ட்ரெவர் நீலத் தார்பாலினுக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

“வந்துட்டீங்களா மாமா? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

“விளையாட்டு இல்ல மாப்ள. ரோட்டுக்கு அந்தாண்ட மரத்துல இடி இறங்கிருச்சு. டார்லா கூப்பிடுறா.”

“இப்பத்தான் ராய்ஸ் மாமா வந்து வலி வந்திருச்சுன்னாரு. நீங்க கூப்பிடுறாங்கிறீங்க. ரெண்டு பேரும் ஒரே பொய்யாப் பேசி வச்சுக்கிட்டு வரக் கூடாதா?”

“செத்துப்போன எங்கம்மா மேல சத்தியம்டா.”

“நானே வந்து கூப்பிட்டாலும்னு காலையில சொன்னது யாரு?”

டூயி அவன் தோளைப் பிடித்து இழுத்தான். ட்ரெவர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு, பிள்ளைகள் விளையாட்டில் அடம் பிடிக்கிற மாதிரி, வாய்விட்டுச் சிரித்தான். டூயியின் பிடி வழுக்கியது. பின்னுக்குத் தடுமாறிப் படிக்கட்டில் விழுந்தான். அந்த நேரத்தில்தான் மேலே கொடிக்கம்பத்தில் இடி இறங்கியது.

படியில் விழுந்ததால் டூயி பிழைத்தான், ஒரு காது மட்டும் போயிற்று. ட்ரெவர் பெஞ்சை விடாமல் அப்படியே கவிழ்ந்து கிடந்தான்.

இதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு வாய் கூசுகிறது. மஞ்சள் கோட்டுக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு மேலே ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்த கூட்டம், மேலே விட ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டது. இடம் பிடிக்கிற அவசரத்தில் மேல்தட்டுக்கு ஏறுகிற சரிவுப்பாதை முழுக்க ஆள் அடைத்துவிட்டது. ட்ரெவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டார்கள். பின்னால் இருப்பவனுக்கு முன்னால் என்னவென்று தெரியாது, தள்ளிக்கொண்டே இருந்தான். ஹாலிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வழி விடுங்கப்பா, எங்க வீட்டுப் பிள்ளை, எங்க வீட்டுப் பிள்ளை என்று தொண்டை கிழியக் கத்தினார். இடத்துக்குச் சண்டை போடுகிற கிழவன் என்றுதான் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று மேக்சின் கேட்டதற்கு, டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

ஆட்டம் சாயங்காலம் தொடர்ந்து நடந்தது. நாங்கள்தான் ஜெயித்தோம். மெத்தை, போர்வைகளை எடுக்க நான் மேலே போனபோது எங்கள் வரிசையில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நடந்தது அவர்களுக்குத் தெரியாது. உங்களுடையதா என்று கேட்டுவிட்டு, எழுந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள்.

டார்லாவுக்குப் பெண் பிறந்தது. ஹாலிஸிடமும் ராய்ஸிடமும் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பனிடம் மட்டும் கோபம் இல்லை. கடைசியில் மேலே ஏறிப் போனவர் அவர்தானே என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். குழந்தை பேசினால் டூயி கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு உட்காருவான். என்றாவது டார்லா கேட்டால், வரேன்னு ட்ரெவர் சொன்னான் என்று சொல்லிவிடு, பெண்ணாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று மேக்சின் அவனுக்குச் சொல்லியே வைத்திருந்தாள்.

குழந்தை நடை பழகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் வைத்து டார்லா கேட்டாள்.

“மேல போயி, நான் கூப்பிடுறேன்னு சொன்னீங்களாப்பா?”

“சொன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

மேக்சின் அடுப்புப் பக்கமிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிரிச்சான்மா. விளையாட்டுன்னு நினைச்சுட்டான். நானே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்காதன்னு காலையில நான்தான் சொல்லி வச்சிருந்தேன்.”

இது அவளுக்கு அதுவரை தெரியாது. குழந்தையின் வாயைத் துடைத்தாள், தட்டுகளைக் கழுவி அடுக்கினாள், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனாள். அந்த வசந்தத்திலேயே ஓஹையோவில் ட்ரெவரின் அம்மா வீட்டோடு போய்விட்டாள்.

ஒரு வார்த்தை பொய் சொன்னால் என்ன என்று மேக்சின் கேட்டாள். அந்தப் பெஞ்சுக்காக நம் வீட்டில் சொன்ன பொய்யே போதும் என்றான் டூயி.

கிறிஸ்துமஸுக்குக் குழந்தையின் படம் ஓஹையோவிலிருந்து தவறாமல் வரும். உறையின்மேல் மேக்சின் பேர் மட்டும் இருக்கும்.