அடித்தண்ணீர்க் குளிரும் காதரும்

தண்ணீருக்குள் விழுந்ததை எடுத்துத் தருகிற தொழிலில் பொருள் எப்படியும் மேலே வந்துவிடும். அதை எடுக்கப் போனவனை மேலே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. முங்குகிறவன் பம்மல் காதர். கரையில் நின்று கயிறு பிடிப்பதும், வருகிற ஆட்களிடம் மல்லுக்கட்டி ரேட் பேசுவதும் நான். எனக்கு நீச்சல் தெரியாது. சிரிக்காதீர்கள். கார் ஓட்டத் தெரியாமல் டிராவல்ஸ் நடத்துகிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள், அவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

சோடா பாட்டில்

பம்மல் பக்கம் பாறை வெட்டியெடுத்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கிக் கல்குட்டையாக நிற்கும். திருடிய வண்டியைத் தள்ளிவிட அதைவிடத் தோதான இடம் கிடையாது. அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு டீச்சரம்மா தன் ஸ்கூட்டரைத் தேடி வந்தார். சித்திரை வெயில். தண்ணீரில் காலை நனைத்துப் பார்த்துவிட்டு, "வெந்நீர் மாதிரி இருக்கு, இதுல முங்கவா இவ்வளவு கேக்கறீங்க?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று, மூடி போட்ட காலி சோடா பாட்டில் ஒன்றைக் காதரிடம் கொடுத்தேன். அவன் அடியில் போய்த் திறந்து, நிரப்பி, மூடிக்கொண்டு வந்தான். வெயிலின் சூடெல்லாம் மேலே ஓர் ஆள் உயரத்துக்குத்தான். அதற்குக் கீழே வேறு ஊர். டீச்சரம்மா பாட்டிலைக் கன்னத்தில் வைத்தார், வெடுக்கென்று எடுத்தார், காதரின் நடுங்குகிற உதட்டைப் பார்த்தார். "ரேட்டை அப்புறம் பேசிக்கலாம் சார், முதல்ல இவருக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்க."

வேக மூச்சு

முங்குவதற்கு முன்னால் காதர் புஸ் புஸ்ஸென்று வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவான். அப்படிச் செய்தால் உள்ளே கூடுதல் நேரம் தாங்குமாம். தாங்கும்தான். மூச்சு முட்டுகிறது, மேலே போ என்று உடம்பு அடிக்கிற மணி அடிக்காமலே போய்விடும், அதனால் தாங்கும். இதை ஒரு டாக்டர் எனக்குச் சொன்னது பிற்பாடு.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கிணற்றில் மோட்டார் விழுந்திருந்தது. உள்ளே இருக்கும்போது அவ்வப்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்ட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சுண்டல் நின்றது. கயிறு கையில் சும்மா இருந்தது. வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு இழுத்தேன். வந்தவனுக்குக் கண் செருகியிருந்தது, முகத்தில் மட்டும் பால் குடித்த பிள்ளையின் சிரிப்பு. கன்னத்தில் அறைந்தேன். மூச்சு வந்ததும் உள்ளங்காலைத் தேய்த்துச் சூடேற்றினேன். என் வாயில் கெட்ட வார்த்தையும் கண்ணில் தண்ணீரும் ஒன்றாக வந்தன. அவன் கண்ணைத் திறந்து கேட்டான்: "ஏண்ணா இஸ்துட்டே? நல்லா தூக்கம் வந்துகினு இருந்துச்சு."

வந்தது யார்

மறுபடி கல்குட்டை. இந்த முறை ஒரு கூரியர்க்காரத் தம்பியின் பைக். கயிறு காதரின் இடுப்பில். அவன் போய் வண்டி கிடக்கும் இடம் பார்த்து, மேலே வந்து, அப்புறம் வண்டிக்கான கொக்கியோடு இரண்டாம் முறை முங்க வேண்டும். கயிறு இரண்டு சுண்டு சுண்டியது, இழு என்று அர்த்தம். கனமாக இருந்தது. தம்பி கூட்டிவந்த ஆட்களோடு சேர்ந்து இழுத்தோம். ஹேண்டில்பார் வந்தது, சீட் வந்தது, காதர் வரவில்லை.

ஒரு முங்கு மிச்சம் பிடிக்கலாம் என்று தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து வண்டியில் கட்டிவிட்டான் பாவி. தம்பி, "வண்டி வந்துடுச்சு சார், வந்துடுச்சு" என்று குதிக்கிறான். நான் தண்ணீரைப் பார்த்துக் காதர் பேரைச் சொல்லிக் கத்தினேன். குட்டையின் எதிர்க்கோடியில் பாறையை ஒரு கை பற்றியது. ஓடிப்போய்த் தூக்கினோம். விரல்கள் பிடித்தபடியே விறைத்துப்போயிருந்தன, ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். "திரும்ப அந்தக் கயித்தையே புடிச்சிக்கினு வர்லாம்னுதான் பாத்தேன்ணா. கை மரத்துப்போச்சு, புடிக்க வர்ல."

மும்தாஜின் பேரம்

அன்றைக்கு அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவன் மனைவி மும்தாஜ் நடந்ததைக் கேட்டாள். என்னைத் திட்டுவாள், நானும் திட்டலாம் என்று தயாராக இருந்தேன். அவள் போர்வையை அவன்மேல் இழுத்துவிட்டு, நிதானமாக என்னிடம் வந்தாள்.

"அண்ணா, வண்டிக்குத் தனியா ஒரு கயிறு வாங்குங்க. இவரு கயித்தோட இன்னொரு முனையை உங்க இடுப்புல கட்டிக்குங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதேம்மா. இவன் இழுத்தா நானும் உள்ள போயிடுவேன்."

"தெரியும்ணா. தன் உசுருக்காக இவரு மேல வரமாட்டாரு. உங்க உசுருக்காக வருவாரு."

மறுநாளே வண்டிக்குத் தனியாக ஒரு கயிறு வாங்கினேன். காதர் கயிற்றின் மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வேலை, கல்குட்டையில் ஒரு ஆட்டோ. சரிந்து ஆழத்துக்குப் போயிருந்தது. கயிறு ஓடி ஓடி, கடைசியில் என் இடுப்பைப் பிடித்து ஒரு அடி முன்னால் இழுத்தது. பாறை விளிம்பில் என் கால் வழுக்கியது. அப்படியே கயிறு தொய்ந்தது. காதர் வெறுங்கையோடு மேலே வந்தான். ஆட்டோக்காரர் முணுமுணுத்தார். அவரிடம் வேலை முடியாது என்று சொல்லிவிட்டு, காதருக்குத் துண்டைப் போர்த்தினேன். பல் தந்தியடிக்க அவன் சொன்னான்: "இன்னும் கொஞ்சம் போனா ஆட்டோ ஆப்ட்டிருக்கும்ணா. ஆனா நீ மேல நின்னுகினு கீறியே, இன்னா பண்றது?"

ஊரில் எல்லோரும் நீச்சல் கற்றுக்கொண்டு உயிரைக் காப்பாற்றுகிறார்கள். நான் கற்றுக்கொள்ளாமல் இருந்தே ஓர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.