நரசிம்மர் கட்டிய துண்டு

போன மாதம் பக்கத்து வீட்டுச் சண்முகத்தை யோகா கிளாஸில் சேர்த்துவிட்டேன். இரண்டாம் நாளே என்னைத் தெருவில் நிறுத்தித் திட்டினார். யோகா செய்தால் மனசு சாந்தமாகும் என்று யார் சொன்னது?

சண்முகம் பட்டு நெசவுக்காரர். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறி என்றால் குழித்தறி. காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, முதுகை வளைத்து, நாள் முழுக்க உட்கார வேண்டும். முப்பது வருஷம் உட்கார்ந்ததில் முதுகு 'போதும்பா' என்றுவிட்டது. டாக்டர் கறாராகச் சொன்னார் — ஒன்று, தினம் யோகா. இல்லையென்றால் ஆறு மாசம் குழியில் இறங்கவே கூடாது.

ஆறு மாசமா! தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது. மனுஷருக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான். பயந்துபோய் என்னிடம் வந்தார். நானும் பெரிய இவள் மாதிரி, செவிலிமேட்டில் நான் போகிற மொட்டை மாடி கிளாஸுக்கு அழைத்துப் போனேன்.

எங்கள் மாஸ்டருக்கு உடம்பு ரப்பர். வாய் அதைவிட ரப்பர். யோகா தோன்றி எத்தனை வருஷம் என்று அவரிடம் கேட்கவே கூடாது. பொங்கலுக்கு ஐயாயிரம் என்றார். கூட்டம் சேரச் சேரப் பத்தாயிரம் ஆகிவிட்டது. தீபாவளிக்குள் டைனோசரே சிரசாசனம் செய்தாலும் ஆச்சரியமில்லை.

முதல் நாள் மூச்சுப் பயிற்சி, தப்பித்தோம். இரண்டாம் நாள் பத்மாசனம். சண்முகத்துக்குச் சம்மணமே வரவில்லை. எப்படி வரும்? முப்பது வருஷம் காலைத் தொங்கவிட்டவர் ஆயிற்றே! தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பையும் முட்டியையும் சேர்த்துச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். தாமல் ஏரிக்கரையில் ஊர்க்கதை பேச உட்கார்வார்களே, அதே உட்கார்வு. முதுகு நிமிர்ந்துவிட்டது. முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

மாஸ்டர் பார்த்துவிட்டார்.

"அவுருங்க அத! இது இன்னா டீக்கடையா? பெல்ட்டு, கயிறுன்னு சப்போர்ட் வெச்சிக்கிறதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை. நம்ம ரிஷிங்க எதையாவது கட்டிக்கினா தவம் பண்ணாங்க? முடியலன்னா வராதீங்க."

முப்பது பேர் எதிரில்! சண்முகம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வழியெல்லாம் திட்டு விழுந்தது எனக்குத்தான்.

"உன்ன நம்பி வந்தேன் பாருக்கா, என்னச் சொல்லணும். போதும். நான் தறியவே உட்டுடறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, 'யோகாவின் ஆதியைக் காட்டுகிறேன்' என்று மாஸ்டர் எல்லோரையும் கோயில் மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார். சண்முகத்தையும் இழுத்துக்கொண்டு போனேன். "கோயிலுக்குத்தானப்பா... அங்கேயிருந்து உன்னை எவன் வெளியே போகச் சொல்வான்?"

ஒரு தூணில் யோக நரசிம்மர். மாஸ்டர் குரலை உயர்த்தினார்.

"பாருங்க! முதுகு எவ்ளோ நேரா இருக்குது! எந்த சப்போர்ட்டும் இல்ல!"

சண்முகம் கிட்டே போனார். நெசவுக்காரர் கண் இல்லையா... முதலில் துணியைத்தான் பார்க்கும்.

"மாஸ்டர், சாமி முட்டியச் சுத்திக்கினு போவுதே, அது இன்னாது?"

"அது... நகை."

"முட்டியில எவன் மாஸ்டர் நகை போடுவான்? துணி அது. மடிப்பு தெரியுது பாருங்க. துண்டு மாஸ்டர், துண்டு!"

தீர்த்தச் சொம்போடு போன பட்டரை நிறுத்திக் கேட்டேன்.

"யோகபட்டம்னு பேரு," என்றார் சர்வ சாதாரணமாக. "மணிக்கணக்கா தியானத்துல உட்காரணுமோன்னோ? கால் சரியாம இருக்கக் கட்டிக்கறது."

கூட்டத்தில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயே, ஐயப்பனுக்கும் இருக்குதேபா! வருஷா வருஷம் மலைக்குப் போறேன்... பார்த்துக்கினே தான இருந்தேன்!"

அவரைச் சொல்லி என்ன? நாம் எல்லோருமே அப்படித்தான். கற்பூரம் காட்டும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிற ஜாதி! ரிஷிகளுக்கும் கால் மரத்திருக்கிறது. ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, அதை ஒளிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சிற்பியும் ஒளிக்காமல் சாமிக்கே செதுக்கி வைத்தான். வெட்கமெல்லாம் நமக்குத்தான்.

மாஸ்டர் பொல்லாதவர் இல்லை. தூணருகே போய் அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சண்முகம், நாளைக்கு வந்துடுங்க. துண்டோட," என்றார். மன்னிப்பா? வாத்தியார்கள் அதெல்லாம் கேட்பார்களா என்ன!

சண்முகம் இப்போது தினம் வருகிறார். நேற்று டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்து, மணிக்கொரு தரம் எழுந்து நடப்பதானால் தறியில் உட்காரலாம் என்றுவிட்டாராம். இன்று காலை சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது. சொன்னால் சிரிப்பீர்கள் — எனக்கு அழுகை வந்துவிட்டது.

யோகாவுக்கு என்ன வயசு என்று பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும். முதுகுவலி அதற்கும் அக்கா!