இராசேஸ்வரி வீட்டு நல்ல தண்ணி

தீவுக் கிராமமான சரவணையில், இராசேஸ்வரியின் வளவுக் கிணறு ஒன்றுதான் அந்த ஒழுங்கையின் வீடுகளுக்கெல்லாம் குடிக்கத் தண்ணீர் கொடுத்தது. மற்றக் கிணறுகளெல்லாம் குளிக்கவும் மாட்டுக்கு வைக்கவும்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கலியாண வீட்டில் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எங்கடை தண்ணி இல்லை" என்று சபையிலேயே சொல்லிவிடுகிற ஆள்.

வேலிக்கு அப்பால் புல் தரவை வெளியை யாரோ வாங்கி இறால் பண்ணை போட்டார்கள். கடல்நீரை இழுத்துப் பெரிய குளங்களாகத் தேக்கினார்கள். அது அழுகி நாறியதும் மண் வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். மறுவருடம் அவளுடைய கிணற்றில் இலேசாக உப்புச் சவர் தட்டியது. தேநீருக்குப் பரவாயில்லை. வெறுந்தண்ணீராகக் குடித்தால்தான் முகம் சுளித்தது.

"ஊத்தை அடைஞ்சு கிடக்குது. இறைச்சுவிட்டால் சரி," என்றாள் இராசேஸ்வரி.

சித்திரையில் கிணறு கலக்கி இறைப்பது அங்கே வழக்கம்தான். இந்தமுறை கோபத்தோடு இறைத்தாள். பக்கத்து வீட்டுச் சுதன் மெசினைப் பூட்டி, அடிமண் தெரியும்வரை ஓடவிட்டான். தண்ணீரெல்லாம் வெங்காயப் பாத்திக்குப் போனது.

விடிந்ததும் ஒழுங்கைச் சனம் குடங்களோடு வந்து நின்றது. ஊறிய தண்ணீரில் முதல் வாயை அவள் குடித்தாள். குடித்த வேகத்தில் துப்பினாள். கடல் உப்பு, அதோடு இறால் தீனியின் வாடை.

தீவுக் கிணற்றில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரித்தான் கிடக்கும். அது தெரியாதவளல்ல அவள். ஆனைக்கும் அடி சறுக்கும். இருந்த கொஞ்சத்தையும் தானே வெங்காயத்துக்கு ஊற்றிவிட்டோமே என்று கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து அழுதாள். எதிர்வீட்டு யூலியானா வெறுங்குடத்தோடு பக்கத்தில் நின்றாள்.

அன்றைக்கே இருவரும் பண்ணைக்குப் போனார்கள். மேலாளர் மரியாதை தெரிந்தவர். கதிரை போட்டு இருத்தி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, கிணத்தை வத்த இறைச்சது நீங்கள்தானே?"

யூலியானா தலையைக் குனிந்தாள். இந்தக் கேள்விக்குத்தான் இராசேஸ்வரி வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள்.

"ஓம், நான்தான் இறைச்சனான். எங்கடை மாமியும் வருசாவருசம் இறைச்சவ. அப்பெல்லாம் விடியேக்கை நல்ல தண்ணிதான் ஊறிக் கிடந்தது. இந்தமுறை ஊறினது உங்கடை தண்ணி. அதை எடுத்துக்கொண்டு, எங்கடையைத் தாங்கோ."