பெரியப்பாவோட சுவிட்ச்

எங்க அக்கா ஒரு ரூமுக்குள்ள நுழைஞ்சா முதல்ல தேடுறது ஆளை இல்ல, சுவிட்சைத்தான். போன வாரம் அப்பா ஹால்ல உக்காந்திருக்கும்போதே ஃபேனை அணைச்சுட்டுப் போயிட்டா.

"அடியேய், நான் உள்ளதான்டி இருக்கேன்!"

"அசையவே மாட்டேங்கிறீங்க, எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அக்காவுக்கு வேலை, சாஃப்ட்வேர் எழுதுறது. சாயங்காலம் ஆனா ஓடுவா. ஓட்டம்னதும் பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. பின்னாடி நடந்து வர்றவங்க "கொஞ்சம் வழி விடும்மா"ன்னு கேட்டு முந்திப் போவாங்க. எதிர்வீட்டு டீச்சர் ஒருநாள் கேட்டே கேட்டுட்டாங்க. "ஏம்மா, இதுக்கு நீ நடந்தே போயிடலாமே?" அக்கா நிக்கல. "நீங்க தெருமுனையிலயே மூச்சு வாங்குறீங்க டீச்சர். நான் பாலம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வருவேன்"னு சொல்லிக்கிட்டே போயிட்டா. இருக்குற சக்தியை முதல்லயே கொட்டித் தீத்துடக் கூடாதாம்.

புரோகிராம் விஷயத்துலயும் இதே பிடிவாதம்தான். சும்மா சும்மா எழுந்து "வேலை இருக்கா, வேலை இருக்கா"ன்னு கேக்குற புரோகிராமைப் பாத்தாலே அவளுக்குப் பத்திக்கிட்டு வரும். "கூப்பிட்டா எழுந்திரு, இல்லன்னா கம்முனு தூங்கு"ன்னு அதை மாத்தி எழுதிட்டுத்தான் டீ குடிப்பா.

நானும் அதே ஆபீஸ்தான், டெஸ்டிங் டீம். அங்க சர்வர் ரூம் மூலையில ஒரு பழைய மெஷின் ராப்பகலா உறுமிக்கிட்டே இருக்கும். அதுக்குப் பேரு பெரியப்பா. என்ன வேலை பாக்குறார்னு யாருக்கும் தெரியாது, கேக்கவும் பயம். "அணைக்காதே"ன்னு யாரோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தாங்க. ஒட்டினவர் வேலையை விட்டே போயாச்சு.

அக்கா விடுவாளா? "இதை யாராவது யூஸ் பண்றீங்களா?"ன்னு எல்லாருக்கும் மெயில் போட்டா. "நான் இல்ல, ஆனா அணைக்காதீங்க"ன்னு வரிசையா பதில். எங்க மேனேஜர் மட்டும் "பாத்துக்கலாம்"னு போட்டார். அவருக்கு எல்லாமே பாத்துக்கலாம்தான். அன்னிக்கே அவளைத் தனியா கூப்பிட்டு, தொண்டையைக் கனைச்சுக்கிட்டு சொன்னாராம். "வெள்ளிக்கிழமை டீம் லீடர் யாருன்னு முடிவு பண்றோம்மா. உன் பேர்தான் முன்னாடி நிக்குது. அதுவரைக்கும் எதையும் நோண்டாதே. ம்ஹ்ம்?"

அந்தப் பதவிக்காக அவ ரொம்ப நாளா உழைச்சவ. எனக்குத் தெரியும். இருந்தும் வியாழக்கிழமை காலைல போய் பெரியப்பாவை நிறுத்திட்டா. பழைய காகிதத்தைக் கிழிச்சுட்டு, "நான்தான் அணைச்சேன்"னு எழுதி, கீழ தன் பேரையும் போட்டு ஒட்டிட்டா.

மத்தியானம் வரைக்கும் ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் வாசல்ல இருந்து ஓடி வந்தாங்க ரிசப்ஷன் மேடம். "சார், பெரிய டிவி கறுப்பாயிடுச்சு!"

அந்த டிவியில பச்சை இலைப் படம் போட்டு, "நம் நிறுவனம் இதுவரை சேமித்த மின்சாரம்"னு ஒரு நம்பர் ஏறிக்கிட்டே இருக்கும். முதலாளிக்கு அதுமேல அவ்வளவு ஆசை. பெரியப்பா இத்தனை வருஷமா பாத்த ஒரே உத்தியோகம் அந்த நம்பரை ஓட்டுறதுதான்!

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டுது.

"முதலாளி விருந்தாளிங்களோட கீழ நிக்கிறார்மா! உடனே ஆன் பண்ணு!"

"டிவியை நான் கவனிக்கல சார், அது என் தப்புதான். அந்த நம்பரை வேற மெஷின்ல ஓரமா வெச்சுத் தர்றேன், நாளைக்கு ரெடியாயிடும். ஆனா மிச்சம் பண்ணதைக் காட்டுறதுக்காக இந்த ஆளை எழுப்ப மாட்டேன்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஞாபகம் இருக்குல்ல?"

"நல்லாவே இருக்கு சார். சுவிட்ச் அதோ இருக்கு, நீங்களே போடுங்க. போட்டவங்க பேரை எழுதி ஒட்டிடுங்க, நான் ஒட்டின மாதிரி."

மேனேஜர் சுத்திப் பாத்தார். அத்தனை பேரும் திடீர்னு மும்முரமா டைப் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். அப்புறம் "பாத்துக்கலாம்"னு கீழ இறங்கிப் போயிட்டார்.

வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு டிவியில நம்பர் ஏற ஆரம்பிச்சுது. டீம் லீடரா வந்தது ஜன்னலோர சீட்காரர். எது சொன்னாலும் "ஆமாம் சார்"னு தலையாட்டுறவர். அக்காதான் முதல்ல கை தட்டினா. வீட்டுக்கு வந்ததும் அப்பா, "கொஞ்சம் அடங்கிப் போயிருந்தா கிடைச்சிருக்கும்லமா?"ன்னு இழுத்தார். "அடங்கிப் போய்க் கிடைச்சா, அப்புறமும் அடங்கியே இருக்கணும்பா"ன்னு ஷூ லேஸைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்துச்சு. அன்னிக்கு வழக்கத்தைவிட லேட்டாத்தான் திரும்பினா.

திங்கள்கிழமை புது லீடரோட முதல் மீட்டிங். அக்கா கையைத் தூக்கினா.

"சர்வர் ரூம்ல ரெண்டு ஏசி ஓடுது. சூடு கிளப்புன ஆள் போயாச்சு. இனிமே ஒண்ணு போதும்ல?"

அவர் மேனேஜரைப் பாத்தார். மேனேஜர் சீலிங்கைப் பாத்தார். லீடருக்குப் பழக்கதோஷம், "ஆமாம் மேடம்"னு வாய்ல வந்துடுச்சு.

"அவ்வளவுதான் எனக்கு வேணும்"னு எழுந்துட்டா அக்கா.