சொந்தப் பெயரில் கோல் காத்தவள்

யோகராணிக்கு உதைபந்தாட்டம் அறிமுகமானது கோலாலம்பூரில், ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில். வன்னியில் படித்த காலத்தில் அவள் ஆடியது வலைப்பந்துதான். போர் முடிந்த மறுவருடம், ஏஜென்சிக்காரன் கொடுத்த வேறொருத்தியின் பாஸ்போட்டில் மலேசியாவில் வந்திறங்கினாள். விமான நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அது தன்னைத்தான் என்பது உறைக்காமல் நின்றாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்த பிறகுதான் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில், அந்தச் சாப்பாட்டுக் கடையில், கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. கடை மதிலுக்கு அப்பால் ஒரு மைதானம். அங்கே ஆடிய கழகத்தில் ஆண்கள் அணியும் இருந்தது, பெண்கள் அணியும் இருந்தது. மாலை நேரம் முழுக்க ஆண்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு பெண்களுக்கு. அப்படியொரு ஞாயிறு மதிலைத் தாண்டி வந்த பந்தை யோகராணி சோப்பு நுரைக் கையோடு எட்டிப் பிடித்தாள். பந்தைத் தேடி வந்தவள் அணித் தலைவி வனஜா. வங்கியில் வேலை செய்யும் மலேசியத் தமிழ்ப் பெண்.

“நீயா புடிச்ச? எங்களுக்குக் கோல்கீப்பர் இல்லலா. அடுத்த வாரம் வா.”

“எனக்கு உதைபந்து தெரியாது அக்கா.”

“பந்தைப் புடிக்கத் தெரியுதுல்ல? அது போதும்.”

போதுமாகத்தான் இருந்தது. பெயர் கேட்காத சிநேக ஆட்டங்களில் யோகராணி நின்றால் கோல் போடுவது கஷ்டம் என்று பேச்சு பரவியது. பிறகு பெண்கள் கழகங்களுக்கான கிண்ணப் போட்டி வந்தது. அதற்கு மலேசிய அடையாள அட்டை வேண்டும். அவளிடம் இருந்ததோ அகதி அட்டை. வனஜா வேறொரு வழியோடு வந்தாள். கல்யாணமாகி ஆட்டத்தை விட்டிருந்த வேரோனிக்காவின் அட்டை கழகத்தில் இருந்தது. அவளுக்கும் யோகராணிக்கும் முகச் சாயலும் கொஞ்சம் ஒத்துப்போனது.

“ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க யோகா.”

“இன்னொருத்தியின்ர பேரில நான் ஒருக்கா வந்திட்டன். இனி ஏலாது அக்கா.”

வனஜா எவ்வளவோ கெஞ்சினாள். யோகராணி அசையவில்லை. வேறொருத்தி கோலில் நின்றாள். முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல்கள் விழுந்து அணி வெளியேறியது. யோகராணி வேலிக்கு வெளியே நின்று, வரும் பந்துகளை எடுத்தெடுத்து உள்ளே எறிந்துகொண்டிருந்தாள். அந்தத் தோல்வியைச் சாட்டாக வைத்து, கழகத்துப் பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமையையும் ஆண்களின் இரண்டாம் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். வனஜா கனநாள் அவளோடு பேசவில்லை. தான் செய்தது சரியா பிழையா என்பது யோகராணிக்கே விளங்கவில்லை. சரியானதைச் செய்து ஒரு அணியையே இல்லாமல் பண்ணிவிட்டேனோ என்ற யோசனை, கனடா விசா வந்து விமானம் ஏறிய பிறகும் அவளை விடவில்லை.

இப்போது அவள் கனடாவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கிறாள். பக்கத்து நகரமான மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் பெரிய கிச்சினில் வேலை. வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் ஒரு தமிழ் விளையாட்டுக் கழகம் ஆடும். நாலு அணி, எல்லாம் ஆண்களுக்கு. பெண்கள் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைப்பார்கள். கோடை தொடங்கிய ஒரு நாள், தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே, கழகச் செயலாளர் பிரியந்தனிடம் கேட்டாள்.

“தம்பி, பொம்பிளையளுக்கு ஒரு ரீம் போட்டா என்ன?”

“போடலாம் அக்கா. ஆனா ஆர் வருவினம்?”

“நான் வருவன். மிச்சத்தப் பிறகு பாப்பம்.”

பிரியந்தன் சிரித்தான். ஆனால் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். முதல் நாள் ஐந்து பேர் வந்தார்கள். பிறகு நிலாணி என்ற தாதி தன்னோடு வேலை செய்பவர்களையும் கூட்டிவந்தாள். அடுத்த கோடையில் லீக்கில் பதியும் அளவுக்கு ஆள் சேர்ந்தது.

முதல் ஆட்டத்தன்று நடுவர் வரிசையில் நிற்கவைத்து அட்டையைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். நாக்கு திரும்பாமல் “யோ-கா-ரனி” என்றார். பெண்கள் சிரித்தார்கள். யோகராணிக்குச் சிரிப்பு வரவில்லை. கையை உயர்த்தினாள்.

அன்று ஆறு கோல்கள் வாங்கினாள். எதிரணிப் பிள்ளைகளுக்கு இவளுடைய பாதி வயது. அன்று பின்னேரம் வனஜாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அங்கே விடிகாலை. வனஜா தலைமுடியைக் கூடக் கட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு யோகராணி, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டாள்.

“அண்டைக்கு நான் நிண்டிருந்தா வெண்டிருப்பமே அக்கா?”

“ஜெயிச்சிருப்போம்லா,” என்றாள் வனஜா. “ஆனா எங்க கிரவுண்டைப் புடுங்கினது நீ இல்ல, அவங்க. அது எனக்கு அப்பவே தெரியும். உங்கிட்டச் சொல்லத்தான் இத்தனை வருஷமாச்சு.”

செந்தூலில் ஆண்கள் அணி இன்னும் ஆடுகிறது. பெண்கள் அணியைத் திரும்பத் தொடங்க வனஜா இப்போது அந்தக் கழகத்தோடு மல்லுக்கட்டுகிறாள். வெக்ஸ்போர்டில் இந்த வருடம் நிலாணிதான் கோலில் நிற்கிறாள். அவளுக்குக் கை நீளம், முழங்காலும் நல்லது. யோகராணி அவளுக்கு முன்னால் பின்வரிசையில் ஆடுகிறாள். ஓடுவது குறைவு, சத்தம் போடுவது கூடுதல். போன சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று, சமன்.